தொட்டி இல்லாத வண்டி

ஜனவரி 19

வாலுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனிமேல் எழுது என்று நீதான் சொன்னாய். எழுதுகிறேன். உன்னைச் சமாதானப்படுத்த இல்லை. வண்டி விஷயமாக ஒன்று கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

தொட்டியைக் கழற்றிவிட்டேன். நீ ஊரை விட்டுப் போன மறுவாரமே கழற்றிவிட்டேன். ஆளில்லாத சைடுகாரை இழுத்துக்கொண்டு எதற்கு ஊர் சுற்ற வேண்டும்? ரோட்டில் பார்க்கிறவர்கள் எல்லாரும் "தங்கச்சி எங்க?" என்று கேட்கிறார்கள். எத்தனை பேருக்குப் பதில் சொல்வது? இப்போது அது ஷெட்டில் சுவர் ஓரமாகக் கிடக்கிறது, மேலே தார்ப்பாய் போட்டு மூடியிருக்கிறேன்.

தொட்டி போனதிலிருந்து வண்டி ஒரு மாதிரியாக இருக்கிறது. ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சம் வேகம் பிடித்தால் ஹேண்டில் இடம் வலமாகத் தலையாட்ட ஆரம்பிக்கிறது. விட்டால் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். வேகத்தைக் குறைத்தால் அடங்கிவிடுகிறது. அதனால் நெடுஞ்சாலைப் பக்கமே போவதில்லை.

உதிரிபாகக் கடைக்காரரிடம், "தொட்டியக் கழட்டினதுலேருந்து ஆடுதுங்க" என்றேன். "தண்ணித் தொட்டியா சார்?" என்று கேட்டார். நம் வீட்டுப் பாஷை அவருக்கு எப்படித் தெரியும்? விளக்கிச் சொன்ன பிறகு, ஸ்டீயரிங் டேம்பர் போடச் சொல்கிறார். ஹேண்டில் நடுவில் ஒரு திருகு, அதற்குக் கீழே ஒன்றோடொன்று உரசுகிற தகடுகள். திருகை இறுக்கினால் ஹேண்டில் கனத்துப்போகும், ஆட்டத்தை அமுக்கிவிடும். நம் வண்டியில் அதற்கான துளை மூடி போட்டுச் சும்மாதானே இருக்கிறது. செய்தவனே இடம் விட்டிருக்கிறான், போட்டால் என்ன என்று தோன்றுகிறது.

அந்த முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் இத்தனை வருஷம் உட்கார்ந்து போனவள் நீ. உனக்குத் தெரியாமல் அதில் கைவைக்க மனம் வரவில்லை. போடலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது.

அண்ணன்


பிப்ரவரி 2

நலமா என்று ஒரு வார்த்தை கேட்காத அண்ணனுக்கு,

நான் நலம். கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன்.

டேம்பர் வேண்டாம். காய்ச்சல் அடிக்கிறவனை இரண்டு பேர் பிடித்து அமுக்கி உட்காரவைத்தால் நடுக்கம் நின்றுவிடும், காய்ச்சல் நிற்குமா? முதலில் எதனால் ஆடுகிறது என்று பார். ஹேண்டில் கழுத்தில் இருக்கிற கோன் செட் தேய்ந்திருக்கிறதா, இரண்டு சக்கரமும் ஒரே நேர்கோட்டில் இருக்கிறதா, முன் டயர் ஒருபக்கமாகத் தின்றிருக்கிறதா என்று பார். வேலைக்குப் போன இடத்தில் லிஃப்ட் கொஞ்சம் குலுங்கினாலே கட்டடத்தையே பூட்டிவிட்டு மோட்டார் அறையில் ஏறி உட்காருகிறவன் நீ. சொந்த வண்டிக்கு மட்டும் கடைக்காரர் சொன்னதைக் கேட்பாயா?

தொட்டியைக் கழற்றியதை இவ்வளவு சாதாரணமாக எழுதிவிட்டாய். இந்தக் காலை வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார முடியவில்லை என்றுதானே, அம்மா இறந்த வருஷம் அதை வாங்கி மாட்டினாய். அதில் உட்கார்ந்துதான் வேலைக்குப் போனேன், ஆஸ்பத்திரிக்குப் போனேன், காலில் மாட்டுகிற காலிப்பருக்கு அளவெடுக்கப் போனேன். மழையில் நனைந்தேன், உன் எஞ்சின் புகையை எல்லாம் குடித்தேன். நீ வளைவில் வேகமாகத் திருப்பும்போதெல்லாம் கத்தினேன். கழற்றுவதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் வேலை கிடைத்ததைச் சொல்லாமல்தான் கிளம்பினேன், தெரியும். ஆனால் பஸ் நிலையத்தில் அத்தனை பேர் முன்னால், "நான் இல்லாம ஒரு வாரம் இருந்துடுவியா நீ?" என்று கேட்டது நீ. அது இன்னும் என் காதில் இருக்கிறது.

இங்கே நான் தங்கியிருப்பது தரைத்தளத்தில், நடைக்கூடத்துக் கடைசி அறை. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டடத்துச் சுவர். பல் செட் செய்கிற லேப் தெருக்கோடியில்தான் இருக்கிறது, நடந்தே போகிறேன். முதலில் செய்த செட்டைப் பார்த்த எங்கள் சார், "இவ்வளவு ஒழுங்கா இருந்தா பொய்ப்பல்லுன்னு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சுடும்மா. ஒண்ணைக் கொஞ்சம் திருப்பி வை" என்றார். திருப்பி வைத்தேன். அந்தப் பல் அசல் உன் முன்பல் மாதிரியே வந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

வாலு


பிப்ரவரி 12

வாலுக்கு,

நீ சொன்னதெல்லாம் பார்த்தாகிவிட்டது. கோன் செட்டைக் கழற்றிக் குண்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தேன், புதுசு மாதிரி இருக்கின்றன. இரண்டு சக்கரத்துக்கும் நூல் பிடித்துப் பார்த்தேன், நேராக இருக்கிறது. டயர் நன்றாக இருக்கிறது. ஆட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. நீ கண்டுபிடிக்கிற வரைக்கும் நான் காத்திருக்க முடியாது. டேம்பருக்குச் சொல்லிவிட்டேன், வந்ததும் போடப்போகிறேன்.

இதில் கோபப்பட ஒன்றுமில்லை. ஓட்டுகிறவன் நான்.

பஸ் நிலையத்தில் சொன்னதைப் பற்றி எழுதியிருக்கிறாய். நான் என்ன நினைத்துச் சொன்னேன் என்று உனக்குத் தெரியும். தெரியாத மாதிரி எழுதுகிறாய்.

இன்னொரு சமாச்சாரம். சாயங்காலம் வேலை முடிந்து வண்டியை எடுத்தால் வீட்டுக்குப் போகிற பாதையில் போகாமல் உன் பழைய லேப் வாசலில் போய் நிற்கிறேன். எஞ்சினை அணைத்து, காலை ஊன்றி, கதவு திறக்கிறதா என்று வேறு பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்று அந்த வாட்ச்மேன், "அவங்கதான் இங்க இல்லையே சார்?" என்றார். "டயர்ல காத்துப் பாக்க நின்னேன்" என்றேன். பெரியவர் நல்லவர். அவரும் குனிந்து டயரைப் பார்த்தார்.

அறைக்கு வெளிச்சம் போதுமா? சுவரைப் பார்த்த ஜன்னல் என்று எழுதியிருக்கிறாயே.

அண்ணன்


பிப்ரவரி 25

அண்ணா,

கண்டுபிடித்துவிட்டேன்! லேபில் மெழுகு உருக்கிக்கொண்டிருக்கும்போது பொறி தட்டியது. கரண்டியைக் கீழே போட்டுவிட்டேன், சார் முறைத்தார்.

தொட்டி மாட்டிய அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பார். கண்ணாடி போட்ட அந்த மெக்கானிக் தொட்டியை மட்டுமா மாட்டினார்? முன் சக்கரத்து ஃபோர்க்கைப் பிடித்துக்கொண்டிருக்கிற மேல்தட்டு, கீழ்த்தட்டு இரண்டையும் கழற்றிவிட்டு வேறு தட்டுகள் போட்டாரே. நான்தான் ஸ்டூலில் உட்கார்ந்து போல்ட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன். "தொட்டி மாட்டினா ஹேண்டில் இரும்பா கனக்கும். இந்தத் தட்டு சக்கரத்தைக் கொஞ்சம் முன்னால தள்ளி வைக்கும், லேசா திரும்பும்மா" என்று சொன்னார். அந்தத் தட்டுகள் இன்னும் வண்டியில்தானே இருக்கின்றன? தொட்டி இருக்கும்போது அது லேசாகத் திரும்புவது நல்லது. தனியாக ஓடுகிற வண்டிக்கு அந்த லேசே வினை. வேகம் பிடித்தால் ஆடாமல் என்ன செய்யும்? நீ தொட்டியைக் கழற்றிவிட்டு, தொட்டிக்காகச் செய்ததை அப்படியே விட்டுவிட்டாய். ஊரில் எவனாவது இப்படிச் செய்வானா?

பழைய தட்டுகள் இருக்கும் இடம்கூட எனக்கு நினைவிருக்கிறது. ஷெட்டில் அடி அலமாரி, வலதுபக்க மூலை. என் பழைய பள்ளிச் சட்டையில் எண்ணெய் தடவிச் சுற்றி வைத்திருக்கிறது. எடுத்து மாட்டினால் போதும், டேம்பரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம்.

வெளிச்சம் போதும். சத்தம்தான் போதவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் லேபைப் பூட்டினால் திங்கட்கிழமை காலை வரைக்கும் என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வராது. போன வாரம் பால்காரர் ஏதோ கேட்டதற்குப் பதில் சொன்னேன், குரல் கரகரவென்று யாருடையதோ மாதிரி வந்தது. லேபில் அலமாரி நிறைய, பல் அளவெடுத்து வார்த்த பிளாஸ்டர் வாய்கள் இருக்கின்றன. யார் யாருடைய வாய்களோ. வேலை இல்லாதபோது அவற்றோடு பேசுகிறேன். எதிர்த்துப் பேசாத வாய்கள், உனக்குப் பிடிக்கும்.

தட்டை மாட்டிவிட்டு எழுது.

வாலு


மார்ச் 20

வாலுக்கு,

தட்டுகளைத் தேடினேன். கிடைக்கவில்லை. டேம்பர் போட்டுவிட்டேன், ஆட்டம் நின்றுவிட்டது. இனி இதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எழுத்து கோணலாக இருந்தால் கண்டுகொள்ளாதே, மோட்டார் அறையில் மடியில் வைத்து எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். நலமா?

அண்ணன்


மார்ச் 27

அண்ணா,

எந்தக் கை?

மடியில் வைத்து எழுதினால் வரி கோணலாகும், எழுத்து இடப்பக்கம் சாயாது. என் பெயரில் இருக்கிற சுழியை எதிர்ப்பக்கமிருந்து ஆரம்பித்திருக்கிறாய். இடதுகையால் எழுதியிருக்கிறாய். வலதுகைக்கு என்ன ஆயிற்று? நாள் முழுக்க பிளாஸ்டர் வாயைப் பார்த்து, இந்த ஆள் எந்தப் பக்கமாக மெல்லுவான் என்று சொல்கிற வேலை என்னுடையது. என்னிடமா மறைக்கிறாய்?

இத்தனை நாள் கேட்காத 'நலமா' வேறு. அதைப் படித்ததும்தான் எனக்கு நிஜமாகப் பயம் வந்தது.

தட்டு கிடைக்கவில்லை என்பதும் பொய். அந்த ஷெட்டில் நீ கண்ணை மூடிக்கொண்டு கைவிட்டால்கூட கேட்ட ஸ்பானர் கையில் வரும். எனக்கு இங்கே யாரும் இல்லை அண்ணா. நீயும் பொய் சொன்னால் நான் யாரை நம்புவது? எங்கே விழுந்தாய், எப்படி விழுந்தாய், ஏன் தட்டை மாட்டவில்லை, எல்லாவற்றையும் எழுது. எழுதாவிட்டால் இதுதான் என் கடைசிக் கடிதம்.

உன் தங்கை


ஏப்ரல் 8

வாலுக்கு,

வலது மணிக்கட்டு. எலும்பு முறிவு. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். எதிர்வீட்டு அம்மா மதியச் சாப்பாடு கொடுத்தனுப்புகிறார், மற்றதை நானே பார்த்துக்கொள்கிறேன். இடதுகையால் முகச்சவரம் செய்து பார்த்தேன், கொத்துப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. தாடியோடு இருக்கிறேன்.

வேகத்தில் விழவில்லை. சிரிக்காதே. நடந்து போகிற வேகத்தில்தான் விழுந்தேன். பயந்து டேம்பர் திருகை முழுசாக இறுக்கி வைத்திருந்தேன். ஆட்டம் நின்றது உண்மைதான். ஆனால் மெதுவாகப் போகும்போது ஹேண்டில் களிமண்ணில் புதைந்த மாதிரி திரும்பவே மாட்டேன் என்றது. வண்டி சாய்வது தெரிகிறது, ஹேண்டிலைத் திருப்பி நிமிர்த்த முடியவில்லை. மொத்தமாகச் சாய்ந்துவிட்டது. எங்கே என்று கேட்பாய். உன் பழைய லேப் வாசலில். வாட்ச்மேன்தான் ஓடி வந்து தூக்கினார். "காத்துப் பாக்கவா சார் வந்தீங்க?" என்று கேட்டார் அந்த மனுஷன்.

தட்டு விஷயம். அது அலமாரியில்தான் இருக்கிறது. நீ சொல்லித்தான் தெரியும் என்று இல்லை. அந்தச் சட்டையில் சுற்றி வைத்ததே நான்தான். தொட்டியைக் கழற்றிய அன்றைக்கே எடுத்துப் பிரித்துப் பார்த்தேன், திரும்ப மடித்து வைத்துவிட்டேன். ஆட்டம் எதனால் என்று முதல் நாளே எனக்குத் தெரியும்.

பழைய தட்டை மாட்டினால் அது தனி வண்டி ஆகிவிடும். தொட்டியைத் திரும்ப மாட்ட முடியாது, மாட்டினால் ஹேண்டில் திரும்பாது. நினைத்தபோது மாற்றிக்கொள்கிற சமாச்சாரமும் இல்லை அது. கண்ணாடி மெக்கானிக் கடையை மூடிவிட்டு மகனோடு போய்விட்டார். நீ ஒரு நாள் போன் செய்து, "அண்ணா, போதும், வந்து கூட்டிட்டுப் போ" என்று சொன்னால் நான் என்ன செய்வேன்? தொட்டியை மாட்டிக்கொண்டு உடனே கிளம்ப வேண்டாமா? கோபத்தில் கழற்றிவிட்டேனே தவிர, நாலு போல்ட் முடுக்கினால் ஏறி உட்கார்ந்துவிடுகிற மாதிரிதான் வைத்திருக்கிறேன். டேம்பர் போட்டால் அது வரைக்கும் காலத்தை ஓட்டிவிடலாம் என்று நினைத்தேன்.

வேண்டாம் என்று நீ சொல்வாய் என்று தெரியும். இருந்தாலும் கேட்டு எழுதினேன். வேறு எதைச் சாக்கு வைத்து எழுதுவது என்று தெரியவில்லை.

வீடு ரொம்ப அமைதியாக இருக்கிறது. உன் காலிப்பர் சத்தம் காலையில் அடுப்படிக்கும் கூடத்துக்கும் போய்க்கொண்டே இருக்குமே, அதைக் கேட்டுத்தான் நான் எழுந்திருப்பேன். இப்போது நேரத்துக்கு எழுந்திருக்க முடியவில்லை. அலாரம் வைத்தால் அணைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறேன்.

அண்ணன்


ஏப்ரல் 17

அண்ணா,

உன் கடிதத்தை நாலைந்து முறை படித்தேன். ஒரு முறை அழுதேன். இன்னொரு முறை உன் மண்டையில் நாலு போடலாமா என்று இருந்தது.

நீ விழுந்துகிடக்கும்போது ஓடி வர நான் அங்கே இல்லை. வாட்ச்மேன் தூக்கியிருக்கிறார். அதை நினைத்தால் இங்கே இருப்பே கொள்ளவில்லை. சனிக்கிழமை பெட்டியை எடுத்து வெளியே வைத்தேன், இரண்டு சேலையை மடித்தும் வைத்தேன். பிறகு எல்லாவற்றையும் எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி.

நான் திரும்பி வரப்போவதில்லை, அண்ணா. முதலில் உன் வார்த்தைக்காகத்தான் இருந்தேன். ஒரு வாரம் இருந்து காட்டுகிறேன், ஒரு மாதம் இருந்து காட்டுகிறேன் என்று வீம்பாக இருந்தேன். அந்த வீம்பு எப்போதோ தீர்ந்துவிட்டது. இங்கே நான் சந்தோஷமாக இருக்கிறேன் என்று பொய் சொல்லமாட்டேன். தனியாகத்தான் இருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மலை மாதிரி நிற்கிறது. ஆனால் கடைக்கு எந்த வழியாகப் போவது, எந்த நடைபாதை என் காலுக்கு ஒத்துவரும், மழை வந்தால் எங்கே ஒதுங்குவது என்று நானே கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். தொட்டியில் உட்கார்ந்திருந்தபோது ஊரே எனக்கு இடுப்பு உயரத்தில்தான் தெரியும். மனிதர்களுடைய முகத்தைவிட பெல்ட்டைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். இங்கே நின்றுகொண்டு எல்லாரையும் பார்க்கிறேன். இதை விட்டுவிட்டு வர முடியாது. உன்னைப் பிடிக்காமல் சொல்லவில்லை என்று உனக்குத் தெரியும்தானே?

இப்போது வண்டிக்கு வருகிறேன். நான் கூப்பிட்டால் கிளம்பி வர வேண்டும் என்று தொட்டிக்காகப் போட்ட தட்டுகளை வண்டியிலேயே விட்டுவைத்திருக்கிறாய். அந்தத் தட்டுகள் இருக்கிற வரைக்கும் வண்டி ஆடும். ஆடுகிறவரை நெடுஞ்சாலையில் ஏறமாட்டேன் என்று முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய். என் ஊருக்கு வர வேறு எந்த ரோடு இருக்கிறது? நவம்பரில் வந்தேன், ஏப்ரல் ஆகிவிட்டது. ஒரு முறைகூட நீ வந்து பார்க்கவில்லை. வரமாட்டேன் என்று வீம்பாக இருக்கிறான் என்றே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். என்னைக் கூட்டிப்போக வண்டியைத் தயாராக வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்கவே வர முடியாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறாய். மக்கு.

பஸ்ஸில் வந்திருக்கலாமே என்று கேட்டால், வண்டி இருக்கும்போது பஸ்ஸில் வருவதா என்பாய். உன்னை எனக்குத் தெரியாதா.

டேம்பரைக் கழற்று. துளைக்கு மூடியைப் போடு. மாவுக்கட்டுப் பிரித்து, கைக்குப் பலம் வந்ததும் பழைய தட்டை மாட்டு. அவசரப்பட்டு ஒற்றைக் கையோடு ஏதாவது செய்துவைக்காதே. வண்டிக்காக மாட்டு என்று சொல்லவில்லை. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும், அதனால் மாட்டு.

வாலு


ஜூன் 6

வாலுக்கு,

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுதவில்லை. கை சரியாகவில்லை என்று சொல்லலாம். கை சரியாகிவிட்டது. எழுத்தைப் பார், உனக்கே தெரியும். எனக்குத்தான் கொஞ்ச நாள் வேண்டியிருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஷெட்டைத் திறந்தேன். தட்டுகளைச் சுற்றியிருந்த சட்டையைப் பிரித்தேன். பாக்கெட்டில் நீ பள்ளியில் படிக்கும்போது கொட்டிய மைக்கறை இன்னும் இருக்கிறது. துவைத்துக் காயவைத்தேன், எண்ணெய் மட்டும் போகவில்லை. தட்டை மாட்ட முழு நாள் பிடித்தது. போல்ட்டைக் கையில் வைத்துக்கொள்ள ஆள் இல்லாததால் இரண்டு போல்ட் உருண்டு ஓடித் தொட்டிக்கு அடியில் போய்விட்டது. தார்ப்பாயைத் தூக்கிப் படுத்துத் தேடினேன். போல்ட் கிடைத்தது. உன் குடை ஒன்றும் கிடைத்தது, நான் தொலைத்துவிட்டேன் என்று என்னோடு சண்டை போட்டாயே, அந்தக் குடை. கொண்டுவருகிறேன்.

டேம்பரைக் கழற்றிக் கடைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன் சார், சரியா வேலை செய்யலையா?" என்று கேட்டார். "நல்லாத்தான் வேலை செஞ்சுது" என்றேன்.

தொட்டியை என்ன செய்வது என்று தெரியவில்லை. வாட்ச்மேன் தன் மனைவிக்கு முட்டிவலி என்றும், தன் பழைய வண்டிக்கு இப்படி ஒன்று கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றும் சொல்லிக்கொண்டிருந்தார். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நீயும் சொல்.

நேற்று காலையில் நெடுஞ்சாலையில் ஏறினேன். முதலில் பயம்தான். வேகம் கூடக் கூட, இப்போது ஆடும், இதோ ஆடப்போகிறது என்று ஹேண்டிலை இறுகப் பிடித்துக்கொண்டே போனேன். ஆடவில்லை. பிடியைத் தளர்த்தினேன். அப்போதும் ஆடவில்லை. ரோட்டில் ஒருவரும் இல்லை. சரி, பார்த்துவிடலாம் என்று இரண்டு கையையும் ஒரு நொடி எடுத்துவிட்டேன். நூல் பிடித்த மாதிரி நேராகப் போகிறது. நீ இருந்திருந்தால், "கையை வை, கையை வை!" என்று ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியிருப்பாய். பழக்கத்தில் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். கீழே ரோடுதான் ஓடிக்கொண்டிருந்தது. நானே கையை வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். விடியும்போது கிளம்பினால் மதியத்துக்குள் வந்துவிடலாம். தெருமுனையில் வெயிலில் வந்து நிற்காதே. நான் ஹாரன் அடிக்கிறேன், அப்புறம் வெளியே வந்தால் போதும். நீ நின்று பார்க்கிற ஊரைக் கொஞ்சம் எனக்கும் சுற்றிக் காட்டு, நடந்தே போகலாம்.

இவன் வந்து பெட்டியைக் கட்டு என்று நிற்பானோ என்று பயப்படாதே. நான் வருகிற வண்டியில் ஓர் ஆளுக்குத்தான் இடம்.

அண்ணன்